ஊர் மாறியாச்சு, மகன் பழைய ஐஸ் ஹாக்கி அணியை விட மாட்டேன் என்கிறான். சனிக்கிழமை மேட்ச், என்ன செய்வது?

கோவை அம்மா:
வணக்கம். அவசரமாக ஒரு யோசனை வேண்டும். கணவருக்கு வேலை மாறியதால் குடும்பத்தோடு ஊர் மாறிவிட்டோம். டொராண்டோவில் இருந்தபோது பையனுக்கு அந்த ஊர் அணியான மேப்பிள் லீஃப்ஸ் என்றால் உயிர். இங்கே அந்த நீல ஜெர்சியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனான். பிள்ளைகள் சுற்றி நின்று கேலி செய்ய, அழுதுகொண்டே வந்தான். இப்போது கணவரின் மேலாளர் சனிக்கிழமை மேட்சுக்கு எங்கள் எல்லோருக்கும் டிக்கெட் கொடுத்து, பையனுக்கு இந்த ஊர் அணியின் ஜெர்சியும் வாங்கித் தந்திருக்கிறார். அதைத் தொடக்கூட மாட்டேன் என்கிறான். போடாமல் போனால் மேலாளர் என்ன நினைப்பாரோ என்று இவருக்குக் கவலை. எனக்குத் தூக்கமே இல்லை. ஊர் மாறினால் அணியையும் மாற்றிக்கொள்ளத்தான் வேண்டுமா?

எட்மன்டன்காரன்:
எந்த ஊர் என்று சொல்லவில்லையே, சகோதரி. கால்கரியாக இருந்தால் என்னால் உதவ முடியாது, அவர்கள் எங்களுக்குப் பரம்பரை எதிரிகள்! எட்மன்டன் என்றால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். நான் ஜனவரியில் வந்து இறங்கினேன். கார் கிடையாது. பஸ்ஸுக்கு நிற்கும்போது கண் இமையில் பனி ஒட்டும். கிடங்கு வேலையில் யாரும் என்னோடு பேசவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு அறையில் ஊர் அணி ஆயிலர்ஸ் நேற்று எப்படி ஆடினார்கள் என்று நானாகக் கேட்டேன். அன்றிலிருந்துதான் எனக்கு மேசையில் இடம் கிடைத்தது. 2024, 2025 இரண்டு வருடமும் இறுதி வரை போய் ஃப்ளோரிடாவிடம் தோற்றோம். இரண்டு தடவையும் அந்தக் கிடங்கு ஆட்களோடு உட்கார்ந்துதான் பார்த்தேன். புது ஊரில் வாழ வந்தவர்கள் அந்த ஊர் அணியோடு நிற்கத்தான் வேண்டும்.

வல்வை மைந்தன்:
தம்பி சொல்வதை ஏற்க முடியாது. நான் ரொறன்ரோவில் முப்பது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். லீஃப்ஸ் கடைசியாக ஹாக்கி லீக்கின் ஸ்டான்லி கோப்பை எடுத்தது 1967இல். அதற்காக விட்டுவிட்டா போனோம்? 2021இல் மொன்றியலுக்கு எதிரான தொடரில் 3-1 என்று முன்னுக்கு நின்று, அடுத்த மூன்று ஆட்டத்தையும் தோற்றார்கள். அன்று இரவு வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை. இருந்தும் அடுத்த சீசன் அதே ஜெர்சிதான். ஊரை விட்டு வந்த பிள்ளையிடம் இருப்பதே அந்த ஒன்றுதான், அதையும் பிடுங்காதீர்கள் பிள்ளை.

வின்னிபெக் வாசி:
ரசிகர் மாறுவதை விடுங்கள், அணியே ஊர் மாறிய கதை இங்கே உண்டு. 1996இல் ஜெட்ஸ் பீனிக்ஸுக்குப் போய்விட்டது. 2011இல் அட்லாண்டா அணி இங்கே வந்தபோதுதான் அந்தப் பெயர் திரும்பியது. கியூபெக் நகரத்துக்காரர்கள் நிலைமை இன்னும் மோசம். அவர்களுடைய நார்டிக்ஸ் 1995இல் டென்வருக்குப் போய், அடுத்த வருடமே கோப்பையை வென்றது. ஊருக்கு அணி திரும்பவே இல்லை. ஆகவே பெரியவர்கள் இதில் யாரையும் குறை சொல்லக் கூடாது. அதிருக்கட்டும், டிக்கெட் இலவசமாகக் கிடைத்ததே பெரிய விஷயம். ஒரு குடும்பம் சொந்தக் காசில் போய் வந்தால் அந்த மாத மளிகைக்குத் துண்டு விழும்.

நெல்லை மகள்:
மளிகை மட்டுமா? வாடகையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. நேர்முகத்துக்குப் போனால் "கனடிய அனுபவம் உண்டா" என்கிறார்கள். வேலையே கொடுக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும்?

எட்மன்டன்காரன்:
எனக்கும் அதே கேள்விதான். இரண்டு பட்டம் வைத்துக்கொண்டு பெட்டி அடுக்கினேன்.

வின்னிபெக் வாசி:
குளிர்கால டயர் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லவால் அக்கா:
எல்லோரும் கொஞ்சம் நிறுத்துங்கள், அந்தப் பெண் பதிலுக்காகக் காத்திருக்கிறார். கோவை அம்மா, மூன்று விஷயம் சொல்லுங்கள். எந்த ஊர்? பையனுக்கு என்ன வயது? சனிக்கிழமை யாரோடு மேட்ச்?

கோவை அம்மா:
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுப்போயிற்று. மான்ட்ரியல். வயது ஒன்பது. மேட்ச் டொராண்டோவோடுதான். இன்னொன்று, பள்ளி முழுக்க பிரெஞ்சு. அவனுக்கு ஒரு வார்த்தை புரியாது. அவர்கள் என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

லவால் அக்கா:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு பேச்சு வந்திருக்காது, அம்மா. சனிக்கிழமை நீல ஜெர்சியையே போடட்டும். டொராண்டோ வரும் நாளில் எங்கள் கனடியன்ஸ் அணியின் பெல் சென்டர் அரங்கில் நீல ஜெர்சிக்காரர்கள் நிறைய இருப்பார்கள். மாடியில் எங்கள் வரிசையிலேயே பார்த்திருக்கிறேன்: அப்பா கனடியன்ஸ் சிவப்பு, மகள் லீஃப்ஸ் நீலம், நடுவில் ஒரே பாப்கார்ன் வாளி. இந்த இரண்டு ஊர் பகையும் நூறு வருடப் பழசு. எதிரணி ஜெர்சியில் ஒரு சின்னப் பையனைக் கண்டால் பக்கத்து இருக்கைக்காரர் வம்பிழுப்பார், கோல் விழுந்தால் அவனோடும் கை தட்டிக்கொள்வார். மேலாளர் தந்த சிவப்பு ஜெர்சியை உங்கள் கணவர் கையில் எடுத்துக்கொண்டு போகட்டும், உள்ளே எடுத்த படத்தோடு ஒரு நன்றியும் அனுப்பட்டும். மேலாளரும் ஹாக்கி பார்க்கிறவர், லீஃப்ஸ் பிள்ளையின் பிடிவாதம் அவருக்குப் புரியும். பெரிய பை வேண்டாம், வாசலில் திருப்பி அனுப்புவார்கள். கார் எடுக்காதீர்கள், பொனவான்ச்சர் மெட்ரோவில் இறங்கினால் குளிரில் வெளியே வராமல் உள்வழியாகவே போய்விடலாம்.

பள்ளிதான் முக்கியம். பிரெஞ்சு தெரியாத பிள்ளைகளுக்கு வரவேற்பு வகுப்பு உண்டு. அவனை அதில் சேர்த்திருக்கிறார்களா, நேரடியாக வழக்கமான வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்களா என்று திங்கட்கிழமையே கேளுங்கள். கேலி நடந்ததை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள், வாய்ப்பேச்சோடு விடாதீர்கள்.

வல்வை மைந்தன்:
அக்கா சொன்னது சரி. பிள்ளை, மருத்துவச் செலவுக்கான அரசு சுகாதார அட்டை எடுத்துவிட்டீர்களா? ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்து அட்டை அங்கே கொஞ்ச காலம்தான் ஓடும்.

லவால் அக்கா:
ஆமாம், அதையும் தள்ளிப்போடாதீர்கள். நம் கியூபெக் மாகாணத்து அட்டை கைக்கு வர மூன்று மாதம் வரை ஆகலாம், அதுவரை ஒன்டாரியோ அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். இங்கே சில மருத்துவர்கள் அதை ஏற்காமல் பணம் கேட்பார்கள். கட்டிவிட்டு ரசீதை வாங்கி ஒன்டாரியோவுக்கு அனுப்பினால் ஒரு பகுதி திரும்ப வரும். மருந்துக் காப்பீடு இங்கே எல்லோருக்கும் கட்டாயம். கணவரின் கம்பெனித் திட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அவனுக்கு ஹாக்கி பார்க்கப் பெரிய செலவும் ஆகாது. மான்ட்ரியலை ஒட்டிய எங்கள் லவாலில் ராக்கெட் என்று கனடியன்ஸின் இரண்டாம் நிலை அணி ஆடுகிறது, டிக்கெட் விலை மிகக் குறைவு. அவர்கள் ஆடும் ப்ளாஸ் பெல் அரங்கம் மோன்மொரன்சி மெட்ரோவை ஒட்டியே இருக்கிறது. மான்ட்ரியலின் பெண்கள் அணியான விக்டுவாரும் அங்கேதான் ஆடுகிறது. குளிர்காலத்தில் பூங்காக்களில் இலவசப் பனித்தளம் போடுவார்கள். ஸ்கேட் மட்டும் பழைய சாமான் கடையில் வாங்குங்கள், புதிது வேண்டாம், ஒரே வருடத்தில் கால் வளர்ந்துவிடும்.

கோவை அம்மா:
பெரிய உதவி அக்கா. வகுப்பு விஷயம் யாருமே எங்களுக்குச் சொல்லவில்லை. கடிதத்தை பிரெஞ்சில்தான் எழுத வேண்டுமா?

லவால் அக்கா:
பிரெஞ்சில் இருந்தால் வேகமாக நடக்கும். ஆங்கிலத்தில் எழுதித் தனிச்செய்தியில் அனுப்புங்கள், இன்று இரவே மாற்றித் தருகிறேன். பையன் பெயர், வகுப்பு, சம்பவம் நடந்த தேதி மூன்றும் அதில் இருக்கட்டும்.