பெயரை எடுத்துவிட்டால் யாரென்று கடவுளுக்கே தெரியாதாம்!

கடுகுக்காரம்:
ரத்த தானம் பற்றிய இழையில் நுண்ணோக்கி ஒரு முத்து உதிர்த்திருக்கிறார். அப்படியே தருகிறேன்: “மருத்துவ ஆய்வுக்கு ரத்தமோ திசுவோ கொடுப்பவர்கள் பயப்பட ஒன்றுமே இல்லை. கையெழுத்துப் போட்டாகிவிட்டது, பெயரை எடுத்தாகிவிட்டது. அது யாருடையது என்று கடவுளுக்கே தெரியாது.”

கடவுளுக்குத் தெரியாததை 2013-இல் மரபணு ஆய்வாளர் யானிவ் எர்லிக்கின் குழு கண்டுபிடித்து சயின்ஸ் இதழில் எழுதியது. பொதுவில் கிடந்த மரபணுத் தொகுப்புகளிலிருந்து அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமில் திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகளை எடுத்தார்கள். வம்சாவளி தேடுகிறவர்கள் இலவசமாக வைத்திருக்கும் தளங்களில் போட்டுப் பார்த்தார்கள். குடும்பப் பெயர் வந்து விழுந்தது. கூடவே கிடைத்த வயதையும் மாநிலத்தையும் சேர்த்துத் தேடினார்கள். ஏறத்தாழ ஐம்பது பேர் யார் யாரென்று தெரிந்துவிட்டது. அந்தத் தொகுப்பில் ஒருவர் பெயர்கூட இல்லை என்பதைக் கவனிக்கவும்.

நுண்ணோக்கி:
வெறும் ஐம்பது பேர். பிரிட்டனில் ஆய்வுக்காக மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் யூகே பயோபேங்கில் மட்டும் ஐந்து லட்சம் பேர் ரத்த மாதிரி கொடுத்திருக்கிறார்கள். கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுப் பார்க்கட்டும். அந்தக் குழுவும் யாருடைய பெயரையும் வெளியிடவில்லை. ஓட்டை இருக்கிறது என்று காட்டினார்கள், தொகுப்பை வைத்திருந்தவர்கள் வயது விவரத்தைப் பொதுவிலிருந்து எடுத்துவிட்டார்கள், கதை முடிந்தது.

நான் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன். மைனஸ் எண்பது டிகிரி உறைபெட்டியைத் திறந்தால் வெள்ளை அட்டைப்பெட்டிக்குள் கட்டம் கட்டமாகக் குழாய்கள் நிற்கும். மூடியில் ஓர் எண், பக்கவாட்டில் பார்கோடு. எந்த எண் யாருடையது என்ற பட்டியல் வேறு கணினியில், வேறு ஆளிடம் இருக்கும். நானே நினைத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. இதையெல்லாம் பார்க்காமலே பேசுகிறவர்களுக்கு என்ன சொல்வது?

கடுகுக்காரம்:
வயது விவரத்தை எப்போது எடுத்தார்கள்? கண்டுபிடித்த பிறகு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அப்புறம் அது என்ன “வெறும்” ஐம்பது? அந்த ஐம்பதில் நீங்கள் ஒருவராக இருந்திருந்தால் “வெறும் நான்” என்று எழுதியிருப்பீர்களா?

மழைக்கிளி:
ஒரு சந்தேகம். பட்டியல் வேறு ஆளிடம் இருக்கும் என்கிறார் நுண்ணோக்கி. அப்படியானால் யாரோ ஒருவருக்குத் தெரியும்தானே? பட்டியலை வைத்திருந்தால் அடையாளம் காணலாம். அதை அழித்துவிட்டால், நாளைக்கு நான் போய் “என் மாதிரியைத் திருப்பிக் கொடுங்கள், எனக்கு இஷ்டமில்லை” என்றால் எது என்னுடையது என்று அவர்களுக்கே தெரியாது. இதில் எது நடக்கிறது?

நுண்ணோக்கி:
கடுகு, “ஏறத்தாழ ஐம்பது” என்பதும் “ஐம்பது” என்பதும் ஒன்றல்ல. முதல் பதிவில் ஏறத்தாழ, இரண்டாவதில் ஏறத்தாழ காணாமல் போய்விட்டது. உங்கள் நேர்மை இவ்வளவுதான்.

கடுகுக்காரம்:
“வெறும் ஐம்பது பேர்” என்று முதலில் எழுதியது யார்? மேலே போய்ப் பாருங்கள். தடுப்பூசி இழையிலும் இதே வேலைதான் செய்தீர்கள். ஆதாரம் கேட்டேன், ஆளைக் காணோம்.

பழையபேனா:
தம்பிகளா, கையெழுத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே. எனக்கு அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் இரவு ஒரு கற்றைத் தாளை நீட்டினார்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டேன். செவிலிப் பெண் “இங்கே, இங்கே, அப்புறம் இங்கே” என்று விரல் வைத்துக் காட்டினாள், போட்டேன். வீட்டுக்கு வந்து நகலைப் பார்த்தால், எஞ்சிய திசுவை எதிர்காலத்தில் எந்த ஆய்வுக்கும் பயன்படுத்தலாம் என்று ஒரு கட்டம். அதில் டிக்கும் போட்டே அச்சாகியிருக்கிறது! இதுதான் சம்மதமா?

ஹென்றியேட்டா லாக்ஸிடம் அதுகூடக் கேட்கவில்லை. 1951, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வந்தவரின் செல்லை எடுத்து, ஹீலா என்று பெயரிட்டு உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்த்தார்கள்.

நுண்ணோக்கி:
வந்துவிட்டது ஹீலா. இந்த விவாதம் எங்கே நடந்தாலும் பத்தாவது பதிவுக்குள் வந்துவிடும். ஐயா, அது 1951. எழுபது வருடத்துக்கு முந்தைய கதையை வைத்து இன்றைய ஆய்வகத்தைத் திட்டாதீர்கள்.

பழையபேனா:
2013-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள் அதே ஹீலாவின் மரபணுத் தொகுப்பை அந்தக் குடும்பத்தை ஒரு வார்த்தை கேட்காமல் இணையத்தில் போட்டார்களே, அதுவும் எழுபது வருடக் கதையா? எதிர்ப்பு வந்ததும் எடுத்தார்கள். அதே வருடம் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் ஓர் ஒப்பந்தம் போட்டு, அந்தத் தொகுப்பை யார் பார்க்கலாம் என்று முடிவு செய்யும் குழுவில் குடும்பத்தாரையும் உட்கார வைத்தது. அம்மா மழைக்கிளி, உங்கள் கேள்வி நல்ல கேள்வி.

மழைக்கிளி:
நல்ல கேள்வி என்றால் யாராவது பதில் சொல்லலாமே. அம்மா எல்லாம் வேண்டாம் ஐயா, எனக்கு அவ்வளவு வயதாகவில்லை.

சும்மாவந்தவன்:
போனில் எந்தச் செயலி கேட்டாலும் “அனுமதி” என்று தட்டுகிறவர்கள்தான் இங்கே தனியுரிமை பேசுகிறீர்கள்.

கடுகுக்காரம்:
கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்வேன். மரபணுவை எந்தக் கடையில் போய் மாற்றுவது? சும்மா வந்தவர் சும்மா இருக்கலாம்.

நுண்ணோக்கி:
சரி, அந்த ஐம்பதுக்கே வருகிறேன். குடும்பப் பெயரும் ஒய் குரோமோசோமும் அப்பாவிடமிருந்து மகனுக்குச் சேர்ந்தே போகும் சமூகத்தில்தான் அந்த வித்தை பலிக்கும். ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, பெற்றோர் பெயரை ஒட்டிய பெயர்தான், அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அங்கே போய்ச் செய்து காட்டுங்கள் பார்ப்போம். பெண்களிடம் ஒய்யே இல்லை. பாதி உலகம் அப்போதே தப்பித்துவிட்டது.

கடுகுக்காரம்:
ஐஸ்லாந்தா! தானாக வந்து மாட்டினீர்கள். 1998-இல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். நாட்டு மக்கள் எல்லோருடைய மருத்துவப் பதிவுகளும் ஒரே தரவுத்தளத்தில். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவர்கள் எல்லோரும் சம்மதித்ததாகக் கணக்கு. உரிமம் டிகோட் ஜெனெடிக்ஸ் என்ற தனியார் நிறுவனத்துக்கு. இறந்துபோன அப்பாவின் பதிவுகளை அதில் சேர்க்கக் கூடாது என்று ஒரு பெண் வழக்குப் போட்டார். அப்பாவின் பதிவிலிருந்து தன் பரம்பரைக் கூறுகளையும் ஊகிக்கலாம் என்பது அந்தப் பெண்ணின் வாதம். 2003-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அந்தத் தரவுத்தளம் கடைசிவரை உருவாகவே இல்லை.

பெண்கள் தப்பித்தார்களா? 2018-இல் அதே எர்லிக் இன்னொன்று எழுதினார். சுமார் 12.8 லட்சம் பேர் உள்ள ஒரு வம்சாவளித் தளம். ஐரோப்பிய வம்சத்து அமெரிக்கர்களைத் தேடினால் 60 சதவீதம் பேருக்கு, ஒரே எள்ளுத்தாத்தா வழி உறவோ அதைவிட நெருங்கிய உறவோ கிடைக்கும். இதற்கு ஒய் தேவையில்லை. மரபணுச் சோதனைக்கு நீங்கள் எச்சில் துப்பியிருக்கவே வேண்டாம், முகம் தெரியாத ஓர் உறவுக்காரர் துப்பியிருந்தால் போதும். கலிஃபோர்னியாவில் பல வருடம் தேடிய தொடர் கொலைகாரனை அதே 2018-இல் அப்படித்தான் பிடித்தார்கள்.

நுண்ணோக்கி:
கொலைகாரன் பிடிபட்டதில் உங்களுக்கு வருத்தமா?

கடுகுக்காரம்:
இதுதான் பதிலா?

நுண்ணோக்கி:
ஆமாவா இல்லையா என்று சொல்லுங்கள். அப்புறம், ஐஸ்லாந்து வழக்கு மருத்துவப் பதிவைப் பற்றியது. நாம் பேசுவது மாதிரியைப் பற்றி. பேசுபொருளை மாற்றாதீர்கள்.

கடுகுக்காரம்:
ஐஸ்லாந்தை இழுத்தவரே பேசுபொருளைப் பற்றிப் பாடம் எடுக்கிறார். கும்பிடு போட்டேன் சாமி.

மழைக்கிளி:
நானே தேடிப் பார்த்தேன். யூகே பயோபேங்கில் விலகுவதற்கு மூன்று படி வைத்திருக்கிறார்கள்: இனி தொடர்பு கொள்ளாதே, இனி புதிதாக விவரம் எடுக்காதே, இனி பயன்படுத்தவே செய்யாதே. மூன்றாவதைத் தேர்ந்தாலும் ஏற்கெனவே முடிந்த ஆய்விலிருந்து பிரித்தெடுக்க முடியாது. விலக வழி இருக்கிறது என்றாலே எங்கோ பட்டியல் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? நுண்ணோக்கி, உங்களைத்தான் கேட்கிறேன்.

நுண்ணோக்கி:
பட்டியல் இருப்பது நோயாளியின் நன்மைக்கு. ஆய்வில் ஏதாவது ஆபத்தான மாற்றம் தெரிந்தால் யாரிடம் சொல்வது? கடுகு மாதிரி ஆட்கள் பயமுறுத்திக்கொண்டே இருந்தால் நாளைக்கு ஒருவரும் கை நீட்ட மாட்டார்கள். அப்போது மருந்து எங்கிருந்து வரும்?

கடுகுக்காரம்:
கடவுளுக்குத் தெரியாது, ஆனால் பட்டியலுக்குத் தெரியும். குறித்துக்கொண்டேன். பயமுறுத்துவது நானல்ல. அமெரிக்காவின் ஹவசுப்பாய் பழங்குடியினர் கதை தெரியுமா? 1990-களில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு, நீரிழிவு ஆராய்ச்சிக்கு என்று நம்பி ரத்தம் கொடுத்தார்கள். மனச்சிதைவு, நெருங்கிய உறவுக்குள் மணம், மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்று அதே ரத்தத்தில் ஆய்வு நடந்தது.

நுண்ணோக்கி:
படிவத்தில் “நடத்தை, மருத்துவக் கோளாறுகளின் காரணங்கள்” என்றுதான் இருந்தது. நீரிழிவு மட்டும் என்று இல்லை. கையெழுத்து அவர்களுடையது.

பழையபேனா:
என் கையெழுத்தும் என்னுடையதுதான் தம்பி. கண்ணாடிதான் இல்லை.

கடுகுக்காரம்:
வாயால் சொன்னது நீரிழிவு, தாளில் இருந்தது வேறு. அது சரியென்றால் 2010-இல் வழக்கைச் சமரசமாக முடித்து 41 பேருக்கு ஏழு லட்சம் டாலர் எதற்குக் கொடுத்தார்கள்?

நுண்ணோக்கி:
சமரசம் என்றால் தப்பை ஒப்புக்கொண்டதாக அர்த்தமில்லை. வழக்குச் செலவைவிட அது மலிவு.

கடுகுக்காரம்:
மிச்சமிருந்த ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தார்களே, அதுவும் செலவு மிச்சம் பிடிக்கவா? பதில் எழுதுங்கள், இங்கேதான் இருக்கிறேன். தடுப்பூசி இழை மாதிரி நடுவில் ஓடிவிடாதீர்கள்.

நுண்ணோக்கி:
ஓடியது யாரென்று அந்த இழையைப் படித்தவர்களுக்குத் தெரியும். கொலைகாரனைப் பற்றி இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை.