வறுவல் வீட்டில், அரைப்பு வெளியில்: தூள் தொழிலில் எங்கள் அனுபவம்

எந்த வேலையை நாங்களே செய்வது, எதை வெளியே கொடுப்பது என்ற கதை வந்தால் எல்லோரும் முதலில் காசுக் கணக்கில்தான் இறங்குவார்கள். நாங்களும் கணக்குப் பார்த்தோம், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் கொக்குவிலில் மிளகாய்த்தூள் செய்து விற்கிற எங்களுக்கு அது பாதிக் கணக்குத்தான். வெளியே போன வேலை சரியாகத் திரும்பி வந்திருக்கிறதா, பிழையாக வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லத் தெரிந்த ஆள் வீட்டுக்குள் இருக்கிறாரா என்பதுதான் மற்றப் பாதி.

தொழில் பெரிதல்ல. மாமி, நான், வறுக்கவும் பக்கட் போடவும் வருகிற இரண்டு அக்காமார். யாழ்ப்பாணத்துத் தூள் எப்படி என்று ஊர் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை: செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, எல்லாம் வறுத்து அரைப்பது. ஊர்க்கடைகளுக்கும் கொழும்பில் வெள்ளவத்தைக்கும் போகிறது, லீவில் வந்து திரும்பும் கனடா, பிரான்ஸ் ஆட்களும் கிலோக் கணக்கில் வாங்குவார்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஓடர் கூடிக்கூடி, வறுவல் எங்கள் கைக்கு மிஞ்சிப் போனது. அந்த நேரத்தில்தான் ஓரிடத்தில், சாமானைத் தாருங்கள், வறுத்து அரைத்து உங்கள் லேபல் ஒட்டித் தருகிறோம் என்றார்கள்.

சொன்ன விலையும் நல்ல விலை. ஒரு ஆளை வேலைக்கு வைத்தால் சம்பளத்தோடு முடிவதில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு எங்கள் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் கட்டவேண்டும். 40,000 ரூபா சம்பளம் என்றால் எங்களிடமிருந்து போவது 46,000. அதற்கு மேல் காஸ், விறகு, ஆள் வராத நாட்கள். இதையெல்லாம் கூட்டி வைத்துப் பார்த்தபோது வெளியே கொடுப்பதுதான் லாபம் என்று தெரிந்தது, நான் அரைவாசி முடிவே எடுத்துவிட்டேன்.

மாமி மட்டும் ஒரு மூட்டைக்கு மேல் கொடுக்க விடவில்லை. திரும்பி வந்த தூளைப் பார்த்தால் நிறம் கொஞ்சம் கறுப்பு, மற்றபடி நல்ல தூள் மாதிரித்தான் எனக்குப் பட்டது. மாமி ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்தார், மணந்து பார்த்தார், நாக்கு நுனியில் வைத்துவிட்டு, "வெந்தயம் கருகிப் போச்சு பிள்ளை, குழம்பு ஆறினாப் பிறகு கைக்கும்" என்றார். அன்றைக்கே அதில் ஒரு கத்தரிக்காய்க் குழம்பு வைத்தோம். சூடாகச் சாப்பிட்டபோது ஒன்றும் தெரியவில்லை, பின்னேரம் கைத்தது.

பிறகு விசாரித்தால், எல்லாச் சரக்கையும் ஒரே டிரம்மில் கொட்டி ஒரே சூட்டில் வறுத்திருக்கிறார்கள். மல்லி வெடித்து வாசம் வர நேரம் எடுக்கும், அதற்குள் வெந்தயமும் சின்னச்சீரகமும் எரிந்துவிடும். அதனால்தான் வீட்டில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுப்பது. அவர்களிடம் சொன்னதற்கு, "கொழும்பில இந்தக் கறுப்பைத்தான் கேக்கினம்" என்றார்கள். அது பொய்யாக இருக்காது, அவர்களுடைய மற்ற வாடிக்கையாளர்களுக்கு அது போதும். ஆனால் மாமி இல்லாத வீடாக இருந்திருந்தால் நானும் தலையாட்டி வாங்கி அப்படியே கடைகளுக்குப் போட்டிருப்பேன், ஏன் ஓடர் குறைகிறது என்பது கடைசிவரை விளங்கியிருக்காது. இதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பயம்தான்.

அரைப்பு அப்படியல்ல. சொந்தமாக மில் போடுவதென்றால் த்ரீ பேஸ் கரண்ட், பிரதேச சபை அனுமதி, சத்தத்துக்கும் தும்மலுக்கும் அயலாரோடு சண்டை, இவ்வளவும் பட்டுப் போட்டாலும் எங்கள் அளவுக்கு மெஷின் பாதி நாள் சும்மா கிடக்கும். மில்லுக்காரர் நாள் முழுக்க அரைப்பவர், எங்களைவிட அவருக்கு அந்த வேலை தெரியும். நாங்கள் கவனிப்பது இரண்டே விஷயம். முதலாவது, முன்னால் அரைத்தவரின் மிச்சம். "தங்கச்சி, முந்தி அரைச்சது அரிசிமா, முதல் வாறதைப் புறம்பா எடுங்கோ" என்று அவரே சொல்லுவார். இரண்டாவது, தூள் சுடச்சுட வரும், அதை அந்தச் சூட்டோடு பொலித்தீனில் கட்டினால் உள்ளே வியர்த்துக் கட்டிபிடிக்கும், ஆகவே வீட்டுக்கு வந்ததும் பரப்பி ஆறவிடுவோம். இரண்டையும் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது சொந்த மில் இருந்திருந்தால் கடனையும் கட்டிக்கொண்டு மெஷினைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்போம். மில்லுக்காரர் கரண்ட் வருகிற நேரத்தைப் போனில் சொல்லுவார், இரவென்றாலும் சாமானோடு போய் நிற்போம். வாகன விஷயமும் இதேதான். கொழும்புக்கு இரவு பஸ்ஸிலும் கூரியரிலும்தான் அனுப்புகிறோம், லீசிங்கில் வான் எடுக்கும் யோசனை எனக்கு வரவேயில்லை.

என் தம்பி இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு கொம்பனியில் இருந்துகொண்டு லண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிற கடைகளுக்குக் கணக்கு வேலை செய்கிறான். அதாவது, வெளியே கொடுக்கப்படுகிற வேலையை வாங்கிச் செய்கிற பக்கத்தில் இருப்பவன். அவன் சொல்வதும் இதுதான்: அங்கே கணக்குத் தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு வேலையை இங்கே தருகிறவர்களோடு வேலை நன்றாக ஓடும், ஏனென்றால் பிழை வந்தால் அன்றைக்கே பிடிப்பார்கள். இருந்த ஆட்களை எல்லாம் அனுப்பிவிட்டு முழுவதையும் இங்கே தள்ளிவிட்டவர்களுக்கு, தங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கவே தெரியாது. மாதக் கணக்கில் மின்னஞ்சல் மட்டும் போய் வந்துகொண்டிருக்குமாம்.

இன்னொன்று. யார் வறுத்தாலும் யார் பக்கட் போட்டாலும் லேபலில் இருப்பது எங்கள் பெயரும் விலாசமும். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கடையில் மாதிரி எடுத்துப் பிழை வந்தால் தேடி வருவது எங்களைத்தான். மாரியில், ஐப்பசி கார்த்திகை மழைக்குள், சரியாகக் காயாத மிளகாயில் பூஞ்சணம் பிடிக்கும், அதிலிருந்து வருகிற அஃப்ளடொக்சின் ஈரலுக்கு நஞ்சு. வறுத்தாலும் அரைத்தாலும் அது முழுதாகப் போகாது, அரைத்த பிறகு கண்ணுக்கும் தெரியாது. அதனால் மிளகாய் வாங்குவதும், ஒடித்துப் பார்த்துத் திரும்பக் காயப்போடுவதும் எங்கள் வேலையாகவே இருக்கிறது, அதை எந்த விலைக்கும் வெளியே விடமாட்டேன்.

எங்கள் கணக்கெழுத்து வெளியேதான், அதில் தயக்கமே இல்லை. சேமலாப நிதிக் காசு அடுத்த மாதக் கடைசிக்குள் கட்டப்பட்டதா என்று சிட்டையை மட்டும் நானே வாங்கிப் பார்ப்பேன், அது அக்காமாரின் காசு.

வீட்டில் வைத்திருக்கிற வேலைக்கும் ஒரு ஆபத்து உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. மாமிக்கு எழுபது தாண்டிவிட்டது. அந்த மூக்கையும் நாக்கையும் மட்டும் நம்பித் தொழில் நடத்த முடியாது. இப்போது ஒவ்வொரு வறுவலிலும் முதலில் பெரிய அக்கா பார்ப்பார், பிறகு நான், கடைசியில்தான் மாமி. மூன்று பேரும் ஒன்றைச் சொன்னால் மில்லுக்குப் போகும். அக்கா இப்போது அநேகமாக மாமி சொல்வதையே சொல்கிறார், எனக்கு வெந்தயம் இன்னும் பிடிபடவில்லை.

அடுத்தது பக்கட் போடுகிற வேலை. தெரிந்த ஒரு மகளிர் சங்கத்தில் கேட்டிருக்கிறார்கள். நிறை, சீல், திகதி மூன்றையும் வந்தவுடன் வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்பதால் மாமியும் சரி என்றுவிட்டார். ஒரு பக்கட்டுக்கு என்ன கூலி என்பதில்தான் கதை நிற்கிறது. உங்களில் யாராவது அப்படிக் கொடுத்திருந்தால், 100 கிராம் பக்கட்டுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.