ஜாக்கல் கதைகளை எந்த வரிசையில் படிப்பது?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். ஸ்பைடர்மேன் காமிக்ஸில் வரும் ஜாக்கல், அதாவது பேராசிரியர் மைல்ஸ் வாரன் வரும் கதைகளை முழுசாகப் படிக்க ஆசை. பச்சை முகம், நீண்ட காது, நகத்தோடு 1974-இல் 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 129-ஆம் இதழில், குற்றவாளிகளைத் தானே தண்டிக்கும் பனிஷரை ஏவிவிட்டபடி வருகிறாரே, அவரேதான். மாணவி க்வென் ஸ்டேசி மேல் ஒருதலை ஆசை, அவள் இறந்ததும் பழியைப் பீட்டர் மேல், அதாவது ஸ்பைடர்மேன் மேல் போட்டு, வகுப்பில் எடுத்து வைத்திருந்த செல்களிலிருந்து அவளையே க்ளோன் செய்துவிடுகிறார். எனக்கு வில்லன்களிலேயே இவர்தான் உறுத்துகிறார், ஏனென்றால் அந்தத் துக்கம் நிஜம்.

1975-இல் வந்த 149-ஆம் இதழ் வரை படித்துவிட்டேன். ஷே ஸ்டேடியத்தில் ஒரே உடையில் இரண்டு ஸ்பைடர்மேன்கள், பீட்டரும் அவனுடைய க்ளோனும், மோதிக்கொள்ளும் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். அதற்கப்புறம்தான் குழப்பம். 1994-இல் தொடங்கும் க்ளோன் சாகா என்ற நீண்ட தொடர்கதை ஒரே சமயத்தில் பல தொடர்களில் மாறி மாறி ஓடுகிறது, பென் ரைலி, கெய்ன் என்று பீட்டரின் க்ளோன்கள் வேறு கூடிக்கொண்டே போகிறார்கள். எதை முதலில் படிக்க வேண்டும், எதை விட்டுவிட்டாலும் பரவாயில்லை? தொகுப்பு வைத்திருப்பவர்கள் வரிசையைச் சொன்னால் போதும், தமிழில் ஏதாவது வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.