உணவு வலை வரிப்படம்: வாசிக்கச் சிரமப்படுற பிள்ளையும் முன்னுக்கு நிற்கிற பிள்ளையும் ஒரே வகுப்பில் – எப்படிப் படிப்பிக்கலாம்?

வயல்வெளி (கிளிநொச்சி)
வணக்கம். தரம் 8 விஞ்ஞானம், 36 பிள்ளைகள், பாடவேளை 40 நிமிடம். ஏழெட்டுப் பேர் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கினம். ஐந்தாறு பேர் பாடத்தை முதலே வாசிச்சிட்டு வருவினம். உணவு வலையைக் கரும்பலகையில் கீறினால் எல்லாரும் கொப்பியில் வடிவாகக் கீறுகினம். ஆனால் "தவளை இல்லாமல் போனால் என்ன நடக்கும்?" எண்டு கேட்டால் பதில் வருதில்லை. அம்புக்குறியைப் பாதிப்பேர் தலைகீழாகப் போடுகினம். புரொஜெக்டர் இல்லை. வரிப்படத்தை எப்படிப் பாவிச்சால் எல்லாருக்கும் விளங்கும்?

துருசடி
முதலில் அம்புக்குறியைப் பார்ப்போம், மற்றதெல்லாம் அதில்தான் தங்கியிருக்கிறது. "தவளை வெட்டுக்கிளியைத் தின்னும்" என்றுதான் பிள்ளையின் மனதில் வசனம் ஓடுகிறது. தவளை முதலில் வருவதால் அம்பும் தவளையிலிருந்து கிளம்புகிறது. கவனக்குறைவு என்று இதைத் திருத்தினால் அடுத்த கிழமையும் அதே பிழை வரும். வசனத்தை மாற்றுங்கள்: "வெட்டுக்கிளி தவளைக்கு உணவு." இப்போது வாசிக்கும் ஒழுங்கும் அம்பின் திசையும் ஒன்று, சக்தி போகும் திசையும் அதுவே. ஒவ்வொரு அம்பின் மேலும் "க்கு உணவு" என்று எழுத வேண்டும். 1970களில் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் உருவாக்கிய எண்ணக்கருப் படத்திலும் (கருத்துகளைக் கோடுகளால் இணைத்துக் காட்டும் படம்) கோட்டின் மேல் இணைப்புச் சொல் கட்டாயம். சொல் இல்லாத கோட்டை ஆளுக்கொரு விதமாக வாசிக்கலாம்.

அடுத்தது, முடிந்த படத்தைப் பலகையில் கீறாதீர்கள். ஏ4 தாள் ஒன்றை மூன்று தரம் மடித்து வெட்டினால் 8 அட்டை வரும். நெல், புல், வெட்டுக்கிளி, எலி, தவளை, கொக்கு, சாரைப்பாம்பு, பருந்து. ஒவ்வொன்றிலும் சின்னப் படம், அதன் கீழேயே பெயர். நான்கு பேருக்கு ஒரு தொகுதி என்றால் 9 தாள் போதும். சூரியனுக்கு அட்டை வேண்டாம், அது யாருக்கும் உணவு இல்லை. சேர்த்தால் "க்கு உணவு" வசனம் உடைந்துவிடும். பெரிய டிமைத் தாளில் அட்டைகளைப் பரப்பி, வசனத்தை ஒருவர் சத்தமாகச் சொன்ன பிறகுதான் மற்றவர் பென்சிலால் அம்பு கீறலாம். இந்த எட்டுக்கும் குறைந்தது 10 அம்பு வரும். வாசிக்க முடியாத பிள்ளையும் படத்தைப் பார்த்து வசனம் சொல்லும்.

பிறகு தவளை அட்டையைக் கவிழ்த்துவிடச் சொல்லுங்கள். அதற்கு வரும் அம்பையும் அதிலிருந்து போகும் அம்புகளையும் விரலால் தொடர்ந்தால், வெட்டுக்கிளி கூடலாம், நெல்லுக்குச் சேதம் கூடலாம், சாரை எலிப்பக்கம் திரும்பும் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். கொக்கும் வெட்டுக்கிளியைத் தின்பதால் பாதிப்புக் கொஞ்சம் குறையும். ஒரே வரிசையாகப் போகும் உணவுச் சங்கிலிக்கும், பல சங்கிலிகள் பின்னிய வலைக்கும் வித்தியாசம் அந்த இடத்தில்தான் பிடிபடும். அவசரப்பட்டு நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

நேரம்: பலகையில் மூன்று உயிரிகளுடன் ஒரு சங்கிலி 5 நிமிடம், அட்டை வேலை 15, கவிழ்ப்பது 8, தாளை மடித்து வைத்துவிட்டு நினைவிலிருந்து தனியாகக் கீறுவது 10.

பனங்கூடல்
துருசடி சொன்ன கடைசி 10 நிமிடத்துக்கு ஒரே வேலையை எல்லாருக்கும் கொடுக்க வேண்டாம் சேர். ஒரே வலையை மூன்று விதமாகத் தயாரியுங்கள். ஒன்றில் அம்புகள் உண்டு, பெயர் இடைவெளி, கீழே சொற்பெட்டி. அடுத்ததில் பெயர் மட்டும், அம்புகளைப் பிள்ளை போட வேண்டும். மூன்றாவது வெற்றுத்தாள், மேலே ஒரு கேள்வி: "வயலுக்குப் பூச்சிநாசினி அடித்தால் பருந்துக்கு என்ன ஆகும்?" மூன்றும் ஒரே நிறத் தாளில் இருக்கட்டும், "கெட்டிக்காரத் தாள்" என்ற பெயர் விழுந்தால் மற்றவர்கள் கை வைக்க மாட்டார்கள். முதலாவது தாளிலேயே ஒரு பிள்ளையை மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள், இரண்டு மூன்று பாடத்தில் அடுத்ததுக்கு நகர்த்த வேண்டும்.

உற்பத்தியாக்கி (தன் உணவைத் தானே ஆக்குவது), நுகரி (மற்றதைத் தின்பது), பிரிகையாக்கி (இறந்ததை உக்கவைப்பது) என்ற சொற்களுக்கு நான்கு கட்டப் படம் நல்லது. நடுவில் சொல், சுற்றிவர வரைவிலக்கணம், இயல்பு, உதாரணம், உதாரணம் அல்லாதது. 1969இல் விஸ்கொன்சினில் ஃபிரேயர் குழுவினர் கொண்டுவந்த முறை. உயிர் நாலாவது கட்டத்தில்தான் இருக்கிறது. உற்பத்தியாக்கி அல்லாததுக்குப் "பருந்து" என்று எழுதினால் ஒன்றும் விளங்காது, காளானை எழுதச் சொல்லுங்கள். நிலத்திலிருந்து முளைக்கிறதே, ஏன் இல்லை? பச்சையம் இல்லை, ஒளித்தொகுப்பு இல்லை என்று அப்போதுதான் பிள்ளை வாய் திறக்கும்.

முன்னுக்கு நிற்கிறவர்களுக்குச் சதுரக் கட்டக் கொப்பியில் ஒரு வேலை. சூழலியலாளர் லிண்டமன் 1942இல் காட்டிய வழியில், உணவுச் சங்கிலியின் ஒரு மட்டத்திலிருந்து அடுத்ததுக்கு ஏறத்தாழ 10% சக்திதான் போகும் என்று வைத்துக்கொண்டு, நெல்லுக்கு 100 கட்டம் நிறந்தீட்டட்டும். வெட்டுக்கிளிக்கு 10, தவளைக்கு 1. சாரைக்கு ஒரு கட்டத்தின் பத்தில் ஒன்றை நிறந்தீட்டப் பென்சிலைக் கூராக்க வேண்டிவரும். சங்கிலி ஏன் நாலைந்து படிக்கு மேல் போவது குறைவு என்று பிறகு கேளுங்கள்.

வயல்வெளி (கிளிநொச்சி)
இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. எழுத முடியாத பிள்ளைக்குப் புள்ளி எப்படிப் போடுறது? நீர் வட்டத்துக்கும் இதே முறை சரிவருமோ?

துருசடி
அட்டைகளைக் கொடுத்து மூன்று அம்புக்கு விரல் வைத்து வசனம் சொல்லச் சொல்லுங்கள். ஆளுக்கு அரை நிமிடம். திசை சரியா, காரணம் சரியா என்று இரண்டையும் வேறாகப் பதியுங்கள்.

நீர் வட்டத்தில் "க்கு உணவு" என்பதற்குப் பதிலாக "ஆவியாகும்", "ஒடுங்கும்", "பொழியும்" என்று அம்புக்கு அம்பு சொல் மாறும். வழக்கமான படத்தில் ஆவியாதல் அம்பு கடலிலிருந்து மட்டும் போகிறது, கடல்நீர்தான் மழையாகிறது என்று பிள்ளை முடிவுகட்டிவிடும். உங்கள் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தை வைத்துக் கீறுங்கள். கனகராயன் ஆறு, குளம், துருசு (நீரைத் திறந்துவிடும் மதகு), வாய்க்கால், வயல். குளத்திலிருந்து ஓர் ஆவி அம்பு, வயல்நீரிலிருந்து ஒன்று, நெற்பயிரிலிருந்து "ஆவியுயிர்ப்பு" (இலை வழியே நீர் ஆவியாகப் போவது) என்று ஒன்று. மண்ணுக்குள் இறங்குகிற அம்பைக் கிணற்றில் கொண்டுபோய் முடிக்க மறக்காதீர்கள், அதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள்.