ஊட்டியில் மீன் வகை கூடியதா, குறைந்ததா?

அவலாஞ்சி தூண்டில்:
வெளி மீன் வந்தால் உள்ளூர் மீன் அழியும் என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுகிறீர்கள். ஊட்டி ஏரியே 1820களில் கோவை கலெக்டர் சல்லிவன் அணை கட்டி உண்டாக்கியது, அதில் 1939ல் இலங்கையிலிருந்து கண்ணாடிக் கெண்டையைக் கொண்டுவந்து விட்டார்கள். அவலாஞ்சியில் 1907 வாக்கில் வில்சன் துரை டிரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பொரிக்க வைத்தார். உச்சி ஓடைகளில் அதற்கு முன்னால் இருந்தது சில பொடி மீன்கள்தான். வகை கூடியிருக்கிறதே தவிர எங்கே குறைந்தது?

மசினகுடிக்காரி:
அண்ணா, உங்கள் ஏரியை மட்டும் எண்ணினால் கூடித்தான் தெரியும். மலையை விட்டு இறங்கி, காவிரிப் படுகையைச் சேர்ந்த மாயாற்றுக்கு வாருங்கள். ஆரஞ்சு நிறத் துடுப்பும் திமில் போல் தூக்கிய முதுகும் உள்ள மகசீர் என்ற பெரிய ஆற்று மீன் காவிரிப் படுகையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது; 50 கிலோவைத் தாண்டி வளரும். 1970களின் பிற்பகுதியிலிருந்து காவிரியில் மீன் வளத்தைப் பெருக்குகிறோம் என்று நல்லெண்ணத்தோடுதான் குஞ்சு விட்டார்கள், ஆனால் விட்டது மகாராஷ்டிரத்து லோனாவாலாவில் பொரித்த நீலத்துடுப்பு மகசீர், அது கிருஷ்ணா பக்கத்து மீன். 1998 முதல் 2012 வரை காவிரியில் தூண்டில்காரர்கள் எழுதி வைத்த கணக்கில் நீலத்துடுப்பு ஏறிக்கொண்டே போகிறது, நம்முடையது சரிகிறது. அதிலும் சிக்கியது பெரும்பாலும் பெரிய, கிழட்டு மீன், இளசு இல்லை. குஞ்சு தேறாத வீட்டில் தாத்தா பாட்டி மட்டும் உட்கார்ந்திருப்பது போல. ஆற்றில் மீனுக்குப் பஞ்சமில்லை, ஆனால் போய்க்கொண்டிருப்பது வேறெங்கும் கிடைக்காத ஒன்று.

பவானிசாகர் வாசி:
பழியை மொத்தமாக வந்த மீன் மேல் போடாதீர்கள். அணை கட்டினோம், மணல் அள்ளினோம், வெடி போட்டுப் பிடித்தோம். நீலத்துடுப்பு வராமல் இருந்தாலும் இது குறைந்திருக்கும்.

மசினகுடிக்காரி:
சரி, அணையும் வெடியும் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் வெடி போடுவதை நாளைக்கே நிறுத்தலாம், ஆற்றில் பெருகிவிட்ட மீனை யார் பொறுக்கி எடுப்பது? இன்னொரு கொடுமை, இந்த மீனுக்குச் சரியான அறிவியல் பெயர் எது என்று 2018ல்தான் உறுதியானது. பழனி மலைக்கு மேற்கே ஓடும் பாம்பாற்றில் (அதுவும் காவிரிப் படுகைதான்) 2007ல் பெயரிட்ட மகசீரும் இதுவும் ஒன்றே என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். அதே 2018ல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தார்கள். சரியான பெயர் தெரியும் முன்பே பாதி தொலைத்துவிட்டோம்.

அவலாஞ்சி தூண்டில்:
மகசீர் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், அந்தக் கணக்கை நான் யோசிக்கவில்லை. ஆனால் டிரவுட்டை விட மாட்டேன். என் அப்பா அந்த ஓடைக்கரையில்தான் எனக்குத் தூண்டில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார், டிரவுட் வந்தே நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இங்கேயே ஊறிப்போன மீன்.

மசினகுடிக்காரி:
உங்கள் டிரவுட்டை யாரும் பிடுங்க வரவில்லை அண்ணா. ஆனால் நீங்கள் சொன்ன அந்தச் 'சில பொடி மீன்கள்' என்னென்ன, இப்போதும் அந்த ஓடையில் இருக்கின்றனவா? அடுத்த முறை போகும்போது கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.