கழுகுமலையில் இருந்தவர்கள், போய்வந்தவர்கள் எழுதுங்களேன்

கோவில்பட்டி மருமகள்:

கழுகுமலை என்று தேடினால் மலையிலேயே செதுக்கிய வெட்டுவான் கோயில் விமானத்தின் படம்தான் வரிசையாக வருகிறது. ‘தென்னகத்தின் எல்லோரா’ என்று ஒரு வரி, அப்புறம் எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று ஒரு வரி. அந்த ஊரில் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பதே அதில் தெரியாது. அங்கே இருந்தவர்கள், வேலைக்குப் போனவர்கள், சும்மா பார்க்கப் போய் யாரிடமாவது கதை கேட்டு வந்தவர்கள் எழுதுங்கள். முதலில் நானே ஆரம்பிக்கிறேன்.

எனக்கு அது மாமியார் பிறந்த ஊர். கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் போகும் ரோட்டில் இருபது கிலோமீட்டர் சொச்சம். இரண்டு பக்கமும் கரிசல் காடு. ஐப்பசி, கார்த்திகையில் போனால் உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமுமாகப் பச்சையாக இருக்கும். சித்திரையில் போனால் தரை பிளந்து கிடக்கும், வேலிக்கருவை மட்டும் நிற்கும். அந்தத் தட்டை நிலத்தில் ஒரே பாறையாக அந்தக் குன்று. பெரிய உயரம் எல்லாம் இல்லை. சுற்றிலும் வேறு எதுவும் இல்லாததால் தூரத்திலிருந்தே தெரியும்.

கீழே இருக்கும் கழுகாசலமூர்த்தி கோயிலில் கருவறையே மலையைக் குடைந்ததுதான். அதனால் சாமியை மட்டும் சுற்றி வர வழி கிடையாது, மலையோடு சேர்த்துத்தான் சுற்ற வேண்டும். கல்யாணம் ஆன புதிதில் நான் கும்பிட்டுவிட்டுக் கிளம்பத் தயாராக நின்றபோது, கணவரின் பெரியம்மா விடவில்லை. “மலையச் சுத்தாமப் போனா பாதிக் கும்பிடுதான் தாயி” என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார். ராமாயணத்தில் வரும் சம்பாதி என்ற கழுகு முருகனை வழிபட்ட இடம் என்பது தலபுராணம். இந்த முருகனுக்கு ஒரு முகம், ஆறு கை, பார்ப்பது மேற்குத் திசை. பெரியம்மாவுக்கு இதெல்லாம் அத்துப்படி. ஆனால் நடந்துகொண்டே அவர் சொன்ன கதைகளில் பாதிக்கு மேல் யார் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதுதான்.

சிற்பியின் கதையும் அப்போது கேட்டதுதான். மேலே அப்பன் வெட்டுவான் கோயிலைச் செதுக்குகிறான். கீழே மகன் முருகன் கோயிலைச் செதுக்குகிறான். இரண்டு பேருக்கும் போட்டி. மகன் முதலில் முடித்துவிட்டான் என்று தெரிந்ததும் அப்பன் ஆத்திரத்தில் அவனைக் கொன்றுவிட்டு, அழுதுகொண்டே உளியைப் போட்டுவிட்டான். அதனால்தான் மேலே உள்ளது பாதியில் நிற்கிறதாம்.

கல்வெட்டு ஆசை:

அக்கா, கதை நல்ல கதை. ஆனால் நின்றுபோனதில்தான் நமக்கு லாபம் என்பேன். மலைச்சரிவில் மூன்று பக்கமும் ஆழமாக வெட்டி நடுவில் ஒரு பெரிய கல்லை விட்டிருக்கிறார்கள். அந்தக் கல்லை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். விமானத்தின் தலை முழுசாக முடிந்திருக்கிறது. உமையோடு உட்கார்ந்த சிவன், மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி, பூதகணங்கள், எல்லாம் நகை வேலை மாதிரி நுணுக்கம். கீழே வர வர உளித்தடம் அப்படியே நிற்கும் முரட்டுக் கல். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து ஆட்கள் எந்த வரிசையில் வேலை பார்த்தார்கள் என்பதை அங்கே நின்று கண்ணால் பார்க்கலாம். முடிந்திருந்தால் அது தெரிந்திருக்காது. உள்ளே இப்போது இருக்கும் பிள்ளையார் பிற்காலத்தில் வைத்தவர்.

ஆனால் நான் அந்த ஊருக்குத் திரும்பத் திரும்பப் போவது அதற்காக இல்லை. அதே மலையில் சமணச் சிற்பங்கள் இருக்கும் பாறைக்காக. எல்லாரும் ‘சமணப் படுகை’ என்று சொல்வதால் நாலு கல்படுக்கை இருக்கும் என்று நினைத்துப் பலர் அந்தப் பக்கம் போவதே இல்லை. போனால் பாறை முழுக்கச் சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தலைக்கு மேல் பாம்புக் குடையோடு பார்சுவநாதர், அவர் மேல் கல்லைத் தூக்கிப் போட வரும் கமடன், கொடி சுற்றிய சமணத் துறவி பாகுபலி, பக்கத்தில் அவருடைய சகோதரிகள், சிங்கத்தோடு சமண யட்சி அம்பிகை. பல உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்தில் சின்னச் சின்ன வரிகள். நூற்றுக்கு மேல் இருக்கின்றன.

காலையில் வெயில் சாய்வாக விழும்போதே போய்விட வேண்டும். உச்சி வெயிலில் எழுத்து ஒன்றும் தெரியாது. ஒருமுறை நாங்கள் நண்பர்கள் சிலர் அப்படி உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தோம். அங்கேயே அய்யனார் கோயில் ஒன்று உண்டு. அதற்கு எண்ணெய் கொண்டுவந்த பெரியவர் ஒருவர் வெகுநேரம் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் பொறுக்க முடியாமல், “ஏய்யா, அதுல என்னதான் எழுதியிருக்கு? புதையல் கிதையலா?” என்றார். “இன்ன ஊர்க்காரர், இன்னாருடைய மாணவர், செய்வித்த திருமேனி என்று இருக்கிறது ஐயா” என்றேன். “அப்போ உபயம்” என்றார். அவ்வளவுதான், எனக்கு எல்லாமே விளங்கிவிட்டது. கோயில் ட்யூப்லைட்டில் வெளிச்சமே தெரியாத அளவுக்குப் பெயர் எழுதி வைக்கிறோமே, அதே சங்கதிதான். ஆயிரத்து இருநூறு வருஷமாக நாம் மாறவில்லை.

ஆனால் அந்தப் பெயர்ப் பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அரசன் பெயர் பெரும்பாலும் இல்லை. கோட்டாற்றிலிருந்து வந்தவர், இன்று சிதறால் என்கிற திருச்சாரணத்திலிருந்து வந்தவர் என்று ஊர் ஊராக இருக்கிறது. தச்சர், குயவர் மாதிரிக் கைத்தொழில்காரர்களும் உண்டு. குரத்தியார் என்று குறிக்கப்படும் பெண் குருமார்கள் பலர். அவர்களுக்கு மாணவர்கள் இருந்திருக்கிறார்கள். இதை நான் சொன்னபோது பெரியவர் நம்பவில்லை. “பொம்பள வாத்தியாரா, அந்தக் காலத்துலயா?” என்று கேட்டுவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எங்களோடு உட்கார்ந்துவிட்டார். அந்த வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

கல்வெட்டில் மலைக்கு அரைமலை என்றும் ஊருக்கு நெச்சுரம் என்றும் பெயர். அதைச் சொன்னதும் அவருக்குக் கோபம். கழுகுமலை கழுகுமலைதானாம்.

லேபிள் ஒட்டியவன்:

கோயிலை விட்டுவிட்டுக் கொஞ்சம் தெருவுக்கு வாருங்கள். நான் அந்தப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவன். கரிசலில் மழை பொய்த்தால் வேறு கதி இல்லை, தீப்பெட்டி ஆபீஸ்தான். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரம் முழுக்க அதே நிலைமைதான். எங்கள் அம்மா கட்டை அடுக்க, அதாவது தீக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கப் போவார். வீட்டில் நாங்கள் பெட்டி ஒட்டுவோம். பசை கை இடுக்கில் காய்ந்து உரியும். தீப்பெட்டி லேபிளில் இருந்த படங்களை வைத்துத்தான் ஒட்டகம், கப்பல் எல்லாம் எனக்கு அறிமுகம்.

ஊருக்குப் போனபோது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓர் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். எங்கள் அம்மாவோடு ஒரே ஆபீஸில் இருந்தவர் என்று பேச்சில்தான் தெரிந்தது. இப்போது பாதி வேலை மெஷினுக்குப் போய்விட்டது. 2021 டிசம்பரில் ஒரு பெட்டி 1 ரூபாயிலிருந்து 2 ரூபாயானது. அதற்கு முந்தின விலையேற்றம் 2007இல். இடையில் மெழுகு, குளோரேட், அட்டை எல்லாம் ஏறினதற்குக் கணக்கே இல்லை. அப்புறம் சீன லைட்டர் வந்தது. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு 2023இல் தடை போட்டார்கள். அந்த அம்மாவிடம் அதைச் சொன்னேன். “தடையெல்லாம் சரி, எம்பேரனே லைட்டர்லதான் அடுப்பு பத்த வைக்கான்” என்றார். அவருடைய சிரிப்பு எங்கள் அம்மாவின் சிரிப்பு மாதிரியே இருந்தது. வேறென்ன சொல்ல.

பழைய வாத்தியார்:

அந்த வட்டாரத்தில் பள்ளியில் வேலை பார்த்தவன் நான். இதுவரை எழுதியவர்கள் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். 1895 பங்குனி உத்திரம். கோயில் அப்போது எட்டயபுரம் ஜமீன் பொறுப்பில். நாடார் மக்கள் ரத வீதி வழியாக ஊர்வலம் போக உரிமை கேட்டார்கள். ஜமீன் தரப்பில் மறுத்தார்கள். வழக்கு, பகை, மதமாற்றம் என்று சில வருஷம் புகைந்தது. திருவிழா நேரத்தில் கலவரமாகி இரண்டு பக்கமும் உயிர் போனது.

வரலாற்றுப் பாடம் நடத்தும்போது ஒரு பையன் எழுந்து, “சார், நம்ம ஊர்ல தேருக்குச் சண்டை நடந்துச்சாமே, எங்க தாத்தா சொன்னாரு” என்றான். பக்கத்து பெஞ்சுப் பையன் வேறு மாதிரி கேட்டிருந்தான். இரண்டு வீட்டிலும் இரண்டு கதை. சக ஆசிரியர் ஒருவர் “அதெல்லாம் கிளறாதீங்க” என்று பின்னால் சொன்னார். நான் நடத்தினேன். பொதுத்தெருவில் நடக்க உரிமை கேட்டதற்காக மனிதர்கள் செத்தார்கள் என்பதை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல், பிரெஞ்சுப் புரட்சியை மட்டும் நடத்துவது எனக்கு ஒப்பவில்லை. அடுத்த நாள் எந்த வீட்டிலிருந்தும் யாரும் சண்டைக்கு வரவில்லை. ஒரு பையனின் அப்பா மட்டும் வந்து, “எந்த வருசம்னு சொன்னீங்க?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்.

திருவிழாவை ஒட்டிக் கூடும் மாட்டுத்தாவணியை, அதாவது மாட்டுச் சந்தையைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதை அங்கேதான் முதலில் பார்த்தேன். இப்போது மாட்டுக்கு எங்கே வேலை? டிராக்டர்தான்.

சங்கரன்கோவில் பஸ்:

இத்தனை பேர் எழுதியும் அண்ணாமலை ரெட்டியாரைக் காணோமே! காவடிச்சிந்து பிறந்ததே இந்த முருகன் மேல்தான். சென்னிகுளத்துக்காரர். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் ஆதரித்த கவிஞர். முப்பது வயதைக்கூட எட்டாமல் போய்விட்டார். ஒருநாள் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு விவசாயி, மடியில் உரப்பை, வாய்க்குள்ளேயே சிந்து பாடிக்கொண்டு வந்தார். கண்டக்டர் டிக்கெட் கேட்டபோதும் நிறுத்தவில்லை, காசை மட்டும் நீட்டினார். கண்டக்டரும் தாளம் தப்பாமல் விசில் ஊதினார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், விடுங்கள்.

புதுசு:

பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு போகலாம் என்று இருக்கிறோம். அப்போதே சிற்பங்களையும் பார்த்துவிடலாமா?

கோவில்பட்டி மருமகள்:

தேர் பார்க்க வேண்டுமா, தாராளமாக வாருங்கள். கூட்டத்தில் பிள்ளைகள் கையை விட்டுவிடாதீர்கள். சிற்பம் பார்க்க அந்த வாரம் வேண்டாம். பாறை காலைச் சுடும், நிதானமாக நிற்கவும் முடியாது. மார்கழி, தை பக்கம் ஒரு காலை நேரமாக வாருங்கள். மேலே கடை கிடையாது, தண்ணீர் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். தின்பண்டத்தைக் குரங்கு கண்ணில் காட்டாதீர்கள். திரும்பும்போது கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்க மறக்க வேண்டாம்.

வாத்தியார் ஐயா, அந்த மாட்டுத்தாவணியை நீங்களே எழுதுங்கள். துண்டுக்குள் எந்த விரலுக்கு எவ்வளவு என்கிற கணக்கோடு.