மறு: பாலினம் மாறும் பவளப்பாறை மீன்களுக்குக் கலைச்சொல்

> பெண்ணாகப் பிறந்து ஆணாகும் மீன்களைப் 'பால்மாறி' எனலாமா? போர்ட் லூயியில் தமிழ் வகுப்புக்கான சுவர்ப்படம் இந்த வாரம் அச்சுக்குப் போகிறது.

வணக்கம் அம்மா. 'பால்மாறி' வேண்டாம். பால்மாறுதல் என்றால் சோம்புதல், பின்வாங்குதல் என்று அகராதி சொல்கிறது. தமிழை வகுப்பறையில் மட்டுமே சந்திக்கும் மோரிசியஸ் பிள்ளை அதைப் புரட்டினால் பெண்ணாகப் பிறந்து ஆணாகும் துப்புரவு மீனைச் சோம்பேறி என்று எண்ணிவிடும். நாள் முழுதும் பிற மீன்களின் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும் உயிருக்கு இந்தப் பழி எதற்கு?

தாவரவியலின் 'முன்முதிர்வு'ம் பொருந்தாது. பூவில் இரு பாலுறுப்புகளும் இருக்கின்றன. எது முந்தி முதிர்கிறது என்பதுதான் வேறுபாடு. துப்புரவு மீனிலோ சூலகமே விந்தகமாக மாறுகிறது. அங்கே ஓர் ஆணுக்குப் பல பெண்கள். ஆண் செத்த சில மணி நேரத்திலேயே மிகப் பெரிய பெண் ஆணைப்போல் எல்லை காக்கத் தொடங்கும். விந்து உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் பிடிக்கும். ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் இதைக் கவனித்த ஆய்வாளர் ராபர்ட்சன் 1972இல் எழுதினார்.

எதிர்த்திசைக்கு நம் கடலிலேயே மோரிசியஸ் கோமாளி மீன் இருக்கிறது. கடற்சாமந்தியில் குடியிருக்கும் கூட்டத்தில் மிகப் பெரியது பெண், அடுத்தது ஆண். மற்றவை இனம் பெருக்காமல் காத்திருக்கும். பெண் இறந்தால் ஆண் பெண்ணாகும்; காத்திருந்தவற்றில் பெரியது ஆணாகும்.

இலக்கணத்தில் உயிர்முதல், மெய்ம்முதல் என்கிறோம் அல்லவா? அதே வழியில் 'பெண்முதல் மீன்', 'ஆண்முதல் மீன்' என்று வைக்கலாம். இரண்டையும் சேர்த்துச் சொல்லப் 'பாலினம் மாறும் மீன்கள்' போதும். எல்லாவற்றையும் ஒற்றைச் சொல்லுக்குள் திணிக்க வேண்டியதில்லை.

> பெண்முதல், ஆண்முதல் பிடித்திருக்கின்றன, ஐயா. கோபியோடான் என்ற சிறு மீன் இரு திசையிலும் மாறுமே, அதை எங்கே வைப்பது?

தனியாகத்தான் வைக்க வேண்டும். விரல் நீளம்கூட இல்லாத அந்த மீன் கிளைப்பவளத்தின் இடுக்கில் வாழ்கிறது. துணை தேடி வெளியே அலைந்தால் வேறொன்றுக்கு இரையாகிவிடும். ஆகவே ஒரே பாலைச் சேர்ந்த இரண்டு ஒரு பவளத்தில் சேர்ந்தாலும், ஒன்று மாறிக்கொள்ள இணை அமைந்துவிடுகிறது. 'இருவழி மாறி' என்று எழுதுங்கள்.

> நன்றி, ஐயா. கிளிமீனையும் பெண்முதல் வரிசையில் சேர்க்கிறேன். அதன் கிரியோல் பெயரை மட்டும் தமிழ் எழுத்தில் போட மாட்டேன். தமிழில் அந்தப் பெயரும் பலகாரத்தின் கிரியோல் பெயரும் ஒரே 'காத்தோ'தான்; அப்படி எழுதினால் பிள்ளைகள் மீனை விட்டுவிட்டு மிளகாய்க் காத்தோ என்ற பலகாரத்தைக் கேட்பார்கள்.